இழுக்கிறதா, கனக்கிறதா?

"பவர் ஸ்டியரிங் சரியில்லை" என்று வொர்க்‌ஷாப்புக்கு வரும் கார்க்காரரும், "உடம்பு சரியில்லை" என்று டாக்டரிடம் வரும் நோயாளியும் ஒரே ரகம். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் இன்னும் எதையும் சொல்லவும் இல்லை. டாக்டராவது நாக்கை நீட்டச் சொல்வார், நாடி பார்ப்பார், நாலு கேள்வி கேட்பார். காருக்கு அந்தப் பாக்கியம் பல சமயம் கிடைப்பதில்லை. விலை உயர்ந்த பாகம் ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவதே வைத்தியம் என்று ஆகிவிட்டது. பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்தால் முதல் திருப்பத்திலேயே பழைய வியாதி எட்டிப் பார்க்கிறது.

இந்த வாரம் பேச எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட வியாதி ஒன்று. வயதான ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் இடமும் வலமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு 'அன்ஈவன்' என்று ஒரே சொல்லை வைத்து முடித்துவிடுகிறார்கள். மொழிபெயர்க்கிறவன் 'சீரற்ற' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆனால் நம் ஊர் மெக்கானிக்குகளின் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவர்களிடம் நாலு வினைச்சொற்கள் இருக்கின்றன. இழுக்குது. கனக்குது. பிடிக்குது. விட்டு விட்டு வருது. நாலும் நாலு வியாதி. எந்த வினைச்சொல் என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதைச் செய்யாமல் ஸ்பானரை எடுத்தால் பணம் போகும், கோளாறு இருக்கும்.

பேச்சுக்கு ஒரு நிஜக் காரை எடுத்துக்கொள்வோம். ஹோண்டா எஸ் 2000. 1948-இல் தொடங்கிய ஹோண்டா மோட்டார் கம்பெனி தன் 50 ஆண்டு நிறைவை ஒட்டி, 1999-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இரண்டு இருக்கை, திறந்த கூரைக் கார். இன்ஜின் முன்னே, ஓட்டுவது பின் சக்கரங்கள். ஆரம்ப கால 2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். எடை சுமார் 1,250 கிலோ. அதை முன் அச்சும் பின் அச்சும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2009-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் ஹோண்டா இதை விற்கவே இல்லை. ஆனால் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதைப் பிள்ளை போல வளர்ப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்களுக்கு இப்போது 25 வயது தாண்டிவிட்டது. வயதானால் வருவது வரத்தானே செய்யும்.

எஸ் 2000-இல் பவர் ஸ்டியரிங்குக்கு எண்ணெயும் இல்லை, பம்பும் இல்லை. எல்லாம் மின்சாரம். அது வந்த காலத்தில் இது கொஞ்சம் துணிச்சலான காரியம். அதற்கு முன் பவர் ஸ்டியரிங் என்றாலே, இன்ஜின் பெல்ட்டில் சுழலும் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்ப, அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும் என்பதுதான் நடைமுறை. மின்சார மோட்டாரை வைத்து அதே உதவியைச் செய்யலாம் என்பது முதலில் வந்தது 1988-இல், ஜப்பானின் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில். குட்டிக் கார்களின் சின்ன இன்ஜின்களுக்குப் பம்பைச் சுற்றுவதே ஒரு பாரம். 1990-இல் வெளியான ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். என்ற அலுமினிய உடம்புக் காரின் ஆட்டோமேட்டிக் மாடலில் இது ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏறியது. எஸ் 2000-இல் எல்லாக் கார்களுக்கும் இதுவே என்றானது.

ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் இதைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள் என்று கேட்கலாம். சாதாரணக் காரில் ஸ்டியரிங் என்பது ஒருவழிப் பாதை. நாம் சொல்கிறோம், கார் கேட்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் அது இருவழி. முன் டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது, எப்போது வழுக்கப் போகிறது என்ற செய்தி உள்ளங்கைக்குத்தான் முதலில் வருகிறது. இடது கைக்கு ஒரு செய்தி, வலது கைக்கு ஒரு செய்தி என்று வந்தால், வேகமான ஒரு வளைவில் எதை நம்புவது?

உள்ளே நடப்பது என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். ஸ்டியரிங் தண்டு கீழே இறங்கி, பினியன் என்ற சிறு பல்சக்கரத்தில் முடிகிறது. பினியன், ரேக் என்ற பல் வைத்த நீளத் தண்டை இடமும் வலமும் தள்ளுகிறது. ரேக்கின் இரு முனைகளும் சக்கரங்களைத் திருப்புகின்றன. இது பெரும்பாலான கார்களில் உள்ள கதை. பவர் ஸ்டியரிங்கில் ஸ்டியரிங் தண்டுக்கும் பினியனுக்கும் நடுவே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி வருகிறது. டார்ஷன் பார் என்பார்கள். நாம் திருப்பும்போது டயர் தரையோடு மல்லுக்கட்டும். அந்த எதிர்ப்பில் இந்தக் கம்பி சில டிகிரிகள் முறுக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம், எவ்வளவு முறுக்கிக்கொண்டது என்பதை ஒரு சென்சார் அளந்து வோல்ட் கணக்கில் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் காரின் வேகத்தையும் பார்த்து, மோட்டாருக்கு இவ்வளவு ஆம்பியர் என்று அனுப்புகிறது. மெதுவாகப் போனால் அதிக உதவி, வேகமாகப் போனால் குறைந்த உதவி.

இதில் ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து எளிய அமைப்புகளில் கம்ப்யூட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு கம்பியின் முறுக்கு மட்டும். அந்த முறுக்கை ஓட்டுநரின் விருப்பம் என்று எடுத்துக்கொள்கிறது. கம்பி பொய் சொன்னால் கம்ப்யூட்டரும் அதையே நம்பி முழு மனதோடு உதவி செய்யும்.

இப்போது வினைச்சொற்களுக்கு வருவோம்.

முதலாவது, 'இழுக்கிறது'. நேரான சாலையில் பிடியைத் தளர்த்தினால் கார் ஒரு பக்கமாக நகர்கிறது. பத்துக்கு எட்டுப் பேர் உடனே ஸ்டியரிங்கைக் குற்றம் சொல்வார்கள். ஆனால் முதல் சந்தேகத்துக்குரியவை டயர்கள். காற்று இரண்டு பக்கமும் சமமா? தேய்மானம் சமமா? ஒரே கம்பெனி, ஒரே மாடலா? பார்வைக்கு நன்றாக இருக்கும் டயர்கூட உள் அமைப்பில் லேசான கூம்பு வடிவம் கொண்டிருந்தால் ஒரு பக்கம் உருண்டு போகும். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி அகப்பட்டான். சுழலும் திசை குறிக்கப்பட்ட டயராக இருந்தால் மட்டும் அப்படியே மாற்றிப் போடக் கூடாது.

அடுத்தது வீல் அலைன்மென்ட். சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு காஸ்டர். சக்கரம் மேலே உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு கேம்பர். இவை இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசப்பட்டால் கார் இழுக்கும். காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். மேல்பாகம் அதிகமாக வெளியே சாய்ந்த சக்கரத்தின் பக்கம் இழுக்கும். எங்கோ ஒரு நடைபாதை ஓரத்தில் இடித்த பழைய காரில் இதெல்லாம் சகஜம். பிரேக் ஒன்று முழுமையாக விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இழுக்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் கையைக் காட்டினால் எது சுடுகிறது என்று தெரியும். தொட வேண்டாம்.

சாலையையும் மறக்கக் கூடாது. மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி, ஓரங்களில் தாழ்த்திப் போடுகிறார்கள். இடப்புறம் ஓட்டும் நம் நாட்டிலும் ஜப்பானிலும் நல்ல காரே லேசாக இடப்பக்கம் நழுவும். வலப்புறம் ஓட்டும் அமெரிக்காவில் வலப்பக்கம். எனவே சமதளமான காலி மைதானத்தில் சோதிப்பதே உத்தமம்.

இரண்டாவது வினைச்சொல், 'கனக்கிறது'. இடப்பக்கம் வெண்ணெய் போலத் திரும்புகிறது, வலப்பக்கம் மாவு பிசைவது போல இருக்கிறது. இதைக் கை உணர்வை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு ஒரு பக்கம் எப்போதுமே லேசாகத்தான் படும். ஹோண்டாவின் சர்வீஸ் கையேடுகள் சொல்லும் வழி எளிமையானது. காரைச் சுத்தமான, உலர்ந்த தரையில் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்டியரிங் விளிம்பில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுக்க வேண்டும். டயர் அசையத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை. பழைய பேப்பர்க்காரரிடம் இருக்கும் அந்தத் தராசு போதும். இரண்டு எண்களும் நெருக்கமாக இருந்தால் கார் நன்றாக இருக்கிறது, சந்தேகம் மனதில். தூரமாக இருந்தால் மேலே போகலாம்.

இப்போதுதான் முக்கியமான கேள்வி. இந்த வித்தியாசம் இரும்பில் இருக்கிறதா, மின்சாரத்தில் இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லக் கம்ப்யூட்டர் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை அணைத்தால் உதவியும் நின்றுவிடும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே கெட்டியான ஸ்டாண்டுகள் கொடுத்து, இன்ஜினை அணைத்து, ஸ்டியரிங் பூட்டு விடும்படி சாவியை மட்டும் திருப்பி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அப்போதும் ஒரு பக்கம் கனத்தால் வியாதி இரும்பில். இரண்டு பக்கமும் சமமாக இருந்து, இன்ஜினை ஓடவிட்டதும் வித்தியாசம் வந்தால் வியாதி மின்சாரத்தில். சில கார்களில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். சக்கரங்கள் காற்றில் இருக்க, இன்ஜின் ஓட, யாரும் தொடாமலே ஸ்டியரிங் ஒரு பக்கமாகத் தானே நகரத் தொடங்கும். பேய் எதுவும் இல்லை. சென்சார் பொய் சொல்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இந்தச் சோதனையின்போது கையை ஸ்டியரிங்கின் ஆரங்களுக்குள் நுழைக்காமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, 'பிடிக்கிறது'. திருப்பிக்கொண்டே வரும்போது ஓர் இடத்தில் பிடித்து, பிறகு விடுகிறது. இங்கே கை செய்ய வேண்டிய வேலை எண்ணுவது. ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு முறை, சரியாக அரைச் சுற்று இடைவெளியில் பிடித்தால், ஸ்டியரிங் தண்டில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்டைப் பாருங்கள். சிலுவை வடிவப் பாகத்தின் நான்கு முனைகளில் ஊசி பேரிங்குகள் இருக்கும். இன்ஜின் சூட்டிலும் மழைநீரிலும் துருப்பிடித்தால் அது மடங்க மறுக்கும். எண்ணெய் அடித்தால் ஒரு வாரம் சமாதானமாகும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. ஒரு சுற்றுக்குப் பல தடவை, பொடிப்பொடியாக உறுத்தினால் மோட்டார் பக்கம் சந்தேகம் திரும்புகிறது. எஸ் 2000-இல் மோட்டார் ரேக்கைச் சுற்றியே அமைந்து, உருளும் குண்டுகள் கொண்ட ஒரு திருகு மூலம் அதைத் தள்ளுகிறது. ஸ்டியரிங் ஒரு சுற்று சுற்றினால் மோட்டார் பல சுற்று சுற்றும். அதனால்தான் அதன் கோளாறு பல தடவை தெரிகிறது. எத்தனை தடவை சுற்றினாலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிடித்தால், ரேக்கின் பல் அடிபட்டிருக்கிறது அல்லது தண்டு வளைந்திருக்கிறது.

இதில் மனிதர்களே உண்டாக்கும் வியாதி ஒன்றும் உண்டு. நேராக ஓட்டும்போது பயன்படும் நடுப்பற்கள்தான் பழைய ரேக்கில் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே ஆட்டம் தெரிகிறது என்று ரேக்கை அழுத்திப் பிடிக்கும் திருகை இறுக்குவார்கள். நடுவில் ஆட்டம் போய்விடும். ஆனால் தேயாத ஓரப் பற்களுக்கு வந்ததும் இறுகிப் பிடிக்கும். வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேர் நிலைக்குத் திரும்பாது. அது வேகமான காரில் விளையாட்டுக் காரியம் இல்லை.

நான்காவது, 'விட்டு விட்டு வருகிறது'. காலையில் சரி, மதியம் இல்லை. ஹெட்லைட் போட்டால் கனக்கிறது, அணைத்தால் சரியாகிறது. இது கிட்டத்தட்ட எப்போதும் மின்சாரம் வந்து சேரும் வழியின் குற்றம். நிறுத்தும் இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மோட்டார் பத்துப் பத்தாக ஆம்பியர்களை விழுங்கும். சின்னக் கணக்கு ஒன்று போடலாம். எங்கோ ஒரு எர்த் இணைப்பில் துருவால் 0.05 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும் தடை. 40 ஆம்பியர் ஓடும்போது அங்கே 2 வோல்ட் காணாமல் போகும். 80 வாட் சூடும் உண்டாகும். அந்தச் சூடு இணைப்பை மேலும் கெடுக்கும். மோட்டார் சும்மா இருக்கும்போது மல்டிமீட்டர் வைத்தால் எல்லாம் சரி என்றே காட்டும். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஸ்டியரிங் கம்ப்யூட்டரின் எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும். ஒரு வோல்ட்டில் பத்தில் இரண்டு பாகத்துக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றித் தேய்க்க வேண்டியதுதான். நல்ல பேட்டரி, வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவிலும் இருக்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் சொல்லும் சிக்னல் அறுபட்டாலும் ஓடும்போதே கனம் மாறும். பல கார்களில் ஸ்பீடாமீட்டரும் அதே சமயம் தடுமாறும் என்பது துப்பு. நின்ற இடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல முறை ஒடித்தால் மோட்டார் சூடேறும். அப்போது கம்ப்யூட்டர் உதவியைப் படிப்படியாகக் குறைக்கும். அது கோளாறு இல்லை, தற்காப்பு. ஆறவிட்டால் சரியாகிவிடும்.

இப்போது மிச்சம் இருப்பது கடினமான கேஸ். டயர் சரி, அலைன்மென்ட் சரி, இன்ஜினை அணைத்தால் இரண்டு பக்கமும் சமம், வோல்ட் சரி. இன்ஜின் ஓடினால் மட்டும் கார் இடப்பக்கம் லேசாக இழுக்கிறது, வலப்பக்கம் கனக்கிறது. இரண்டு வினைச்சொற்கள் கூட்டாக வருகின்றன. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை.

விளக்கு எரியாததால் எலெக்ட்ரானிக்ஸ் சரியாக இருக்கிறது என்று பல பேர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது ஏன் தவறு என்று பார்ப்போம். பரவலான ஓர் அமைப்பில் டார்க் சென்சார் இரண்டு சிக்னல்களைத் தருகிறது. கை படாதபோது இரண்டும் 2.5 வோல்ட். ஒரு பக்கம் முறுக்கினால் ஒன்று ஏறும், மற்றது அதே அளவு இறங்கும். எப்போது கூட்டினாலும் 5 வோல்ட் வரவேண்டும். வராவிட்டால் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு, விளக்கைப் போட்டு, உதவியை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் வயதான சென்சாரின் நடுநிலை மெல்ல நகர்ந்து, கை படாதபோதே ஒன்று 2.6, மற்றது 2.4 என்று ஆகிவிட்டால்? கூட்டுத்தொகை அப்போதும் 5. கணக்கு டேலி ஆகிறது. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ஆனால் கம்ப்யூட்டர், ஓட்டுநர் எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கேட்காத உதவியைச் செய்துகொண்டிருக்கிறது.

சிறு பிழைகளை விழுங்குவதற்காக நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வைப்பார்கள். நகர்வு அதைத் தாண்டும்போது கைக்குத் தெரிகிறது. ஒரு பக்கமாக 0.3 நியூட்டன் மீட்டர் தவறு என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், 18 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் அது சுமார் 170 கிராம். ஓர் ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் அந்த ஆப்பிளைத் தூக்கிப் பிடித்தால் தோள்பட்டை சொல்லும்.

வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, அங்கே தராசை உவமை காட்டினார். இங்கே பிரச்னை தராசின் முள்ளே சாய்ந்துவிட்டது என்பது.

இந்த நடுநிலை கம்ப்யூட்டரின் நினைவில் ஓர் எண்ணாகப் பதிவாகியிருக்கிறது. ஸ்டியரிங் ரேக்கையோ கம்ப்யூட்டரையோ மாற்றினால், சென்சாரின் நடுநிலையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஹோண்டாவின் கையேடு சொல்கிறது. காரணம் எளிது. ஒவ்வொரு சென்சாரின் நடுவும் இம்மியளவு வேறு. இதைச் செய்யாமல் விட்டால் நடப்பதைப் பாருங்கள். கோளாறு என்று ரேக்கையே மாற்றுகிறார்கள். சென்சார் ரேக்கோடு சேர்ந்தே வருகிறது. பழைய காருக்குப் புது ரேக் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், உடைத்த காரிலிருந்து எடுத்த ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். கம்ப்யூட்டரோ இன்னமும் பழைய ரேக்கின் நடுவையே மனப்பாடமாக வைத்திருக்கிறது. புது மருமகளைப் பழைய மருமகளின் பெயர் சொல்லிக் கூப்பிடும் மாமியார் மாதிரி. அதே இழுப்பு, அதே கனம். "இந்த ரேக்கும் கெட்டது போலிருக்கிறது" என்று மூன்றாவது ரேக் தேடப் போகிறார்கள். நடந்த தவறு இரும்பில் இல்லை. சில நிமிட வேலை ஒன்றை யாரும் செய்யவில்லை.

எனவே ரேக்கை மாற்றுவதற்கு முன்பே அந்தச் சில நிமிட வேலையைச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம். முதலில் கம்ப்யூட்டர் எதையாவது குறித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கால ஹோண்டாக்களில் ஒரு சர்வீஸ் இணைப்பைச் சேர்த்தால், எச்சரிக்கை விளக்கு நீளமும் குறுகலுமாகக் கண்சிமிட்டித் தன் குறையைச் சொல்லும். தந்தி மொழி மாதிரி. பிறகு, அலைன்மென்ட் சரி என்று உறுதியான பிறகு மட்டும், சக்கரம் நேராக நிற்க, யாரும் ஸ்டியரிங்கைத் தொடாமல் நடுநிலையைப் பதிய வேண்டும். ஒருவர் கை வைத்திருக்கும்போது பதிந்தால் அந்தக் கையின் பாரத்தையும் அது நடு என்றே கற்றுக்கொள்ளும். பதிந்த பிறகு சரியாகி, சில வாரங்களில் மறுபடியும் நகர்ந்தால், சென்சார் உண்மையிலேயே முடிந்துவிட்டது. பதிந்தும் ஒரு பக்கம் மட்டும் பலம் குறைந்தால், மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் பகுதியைப் பார்க்க வேண்டும். மோட்டாரை இரு திசையிலும் ஓட்ட நான்கு மின்னணு சுவிட்சுகள் ஜோடி ஜோடியாக வேலை செய்கின்றன. ஒரு ஜோடி தளர்ந்தால் ஒரு பக்கம் மட்டும் தளரும். அபூர்வம், ஆனால் உண்டு. செலவு செய்ய வேண்டிய நேரம் அப்போதுதான் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங் தண்டின் அருகே மஞ்சள் நிற இணைப்புகளைப் பார்த்தால் கை வைக்காதீர்கள். அவை ஏர்பேக்குடையவை. அதற்குத் தெரிந்தவர்கள் வேண்டும்.

பவர் ஸ்டியரிங் அடியோடு நின்றுபோவதைத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதுதான். 2010 மார்ச்சில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் மோட்டார் கோளாறுக்காக செவ்ரலே கோபால்ட் முதலிய சுமார் 13 லட்சம் சிறு கார்களைத் திருப்பி அழைத்தது. ஆனால் அப்படி நின்றாலும் தண்டும் ரேக்கும் இருக்கும் இடத்தில் இருக்கின்றன. கார் திரும்பும், கை வலிக்கும். கோளாறு தன்னைத் தானே அறிவித்துவிடுகிறது. லேசான சாய்வு அப்படி அறிவிப்பதில்லை. ஓட்டுநரின் கை சில நாட்களில் அதற்குப் பழகிவிடுகிறது. இடப்பக்க இழுப்புக்கு ஈடாக வலப்பக்கம் லேசாகத் திருப்பிப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. காரும் மனிதனும் சேர்ந்து ஒரு தவறான நடுவை ஒப்புக்கொள்கிறார்கள். திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்து கையை வெடுக்கென்று திருப்பும்போது அந்த ஒப்பந்தம் முறிந்துபோகும்.

"ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவன் கவலை எனக்கு எதற்கு?" என்று கேட்கும் வாசகருக்கு ஒரு தகவல். இன்று நம் நாட்டில் விற்கும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்தான். பலவற்றில் மோட்டார் ரேக்கில் இல்லாமல் ஸ்டியரிங் தண்டிலேயே உட்கார்ந்திருக்கும், அவ்வளவே வித்தியாசம். டார்ஷன் பார் அதேதான், சென்சாரின் தத்துவம் அதேதான். செகண்ட்ஹேண்டில் வாங்கிய பத்து வயது ஹேட்ச்பேக்குக்கும் அதே நாலு வினைச்சொற்கள் பொருந்தும்.

வொர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இழுக்கிறதா, கனக்கிறதா, பிடிக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா? எந்தப் பக்கம்? எந்த வேகத்தில்? சூடானபோதா, ஆறியபோதா? இன்ஜினை அணைத்தாலும் இருக்கிறதா? விளக்கு எரிந்ததா? கடைசியாகக் காரில் என்ன வேலை பார்த்தீர்கள், டயரா, பேட்டரியா, அலைன்மென்டா? அந்த வேலைக்கு அடுத்த நாளே கோளாறு தொடங்கியிருந்தால் அதைத் தாளின் முதல் வரியாக எழுதுங்கள்.

தாளைப் படிக்காமலே "ரேக் மாத்தணும் சார்" என்று சொல்லும் வொர்க்‌ஷாப்பிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். படித்துவிட்டு, "முன்பக்கத்தைத் தூக்கி இன்ஜினை ஆஃப் பண்ணிப் பார்க்கலாம்" என்று சொல்பவர் கிடைத்தால், அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.